வெளிச்சம் கண்ட பார்

நேற்று மாலை ஆறு பாகம் ஆழமிருந்த கிணறு, காலையில் ஐந்தரைப் பாகம்தான் இருந்தது. இரு கை விரித்த நீளம் ஒரு பாகம்; ஞானப்பிரகாசம் கயிற்றின் முடிச்சுகளை மறுபடியும் எண்ணினார். முப்பது வருடம் கடலில் ஆழம் பார்த்த கை, பிழை விடாது. ஆனாலும் கரைமண் சரிந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மகன் றொமேசைக் கல்லுடைக்கும் அலவாங்கோடு உள்ளே இறக்கினார். அந்தத் தேறுதல்தான் அவர் செய்த பிழை.

தொண்ணூற்றாறில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து, மறு வருடம் முழங்காவிலில் குடிசை போட்டிருந்தார்கள். கடல் நாலு மைல் தள்ளி. ஆனால் வெட்ட வெட்ட வந்ததெல்லாம் சங்கும் சிப்பியும் துளைவிழுந்த முருகைக்கல்லும். அதன்மேல் இறுகிக் கிடந்த ஒரு முழச் சேற்றை வெட்டி எடுத்திருந்தார்கள்.

"கல்லுக்குள்ள எப்புடிண்ணே சங்கு வந்துச்சு?" கிணறு வெட்ட வந்த மாயாண்டி கயிற்றைப் பிடித்தபடி கேட்டான்.

"இது கல்லில்லை, பவளப்பார். கடலுக்குள்ள உயிரோட வளர்ந்தது. கடல் ஏற ஏற, வெளிச்சத்தைத் தேடி அதுவும் ஏறும். கடல் முந்தினால், இல்லாட்டிச் சேறு மூடினால், வெளிச்சமில்லாமல் தாண்டுபோகும், அமிழ்ந்துபோகும். இது எந்தக் காலத்திலயோ அப்பிடித் தாண்டுபோன பார்."

"செத்துருச்சா, தூங்குதா?" மாயாண்டி சிரித்தான்.

ஞானப்பிரகாசத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் ஏற ஏறக் கிணற்றிலிருந்து உப்பும் பச்சை இறைச்சியும் கலந்த வாடை மேலே வந்தது. கல்லில் விழுந்துகொண்டிருந்த அலவாங்கின் சத்தம் மெல்ல மாறி, ஈரச் சதையில் விழுவதுபோலக் கேட்டது.

உச்சிப்பொழுது. வெயில் நேரே கிணற்றின் அடியில் விழுந்தது.

"அப்பா, கால் பிடிபட்டிட்டுது."

எட்டிப் பார்த்தார். பாரிலிருந்து முளைத்த வெள்ளைக் கொம்புகள். றொமேசின் பாதத்தைத் துளைத்து, தொடையைக் கிழித்து, வெயிலை நோக்கி ஏறின. ஊற்றுநீர் சிவந்தது. இருவரும் கயிற்றை இழுத்தார்கள். எலும்பு முறிந்தது. அவன் அலறினான். கால் விடுபடவில்லை.

கிணறு இப்போது நாலு பாகம். மூன்று. மகனைத் துளைத்துக்கொண்டே தரை ஏறியது.

வெளிச்சம். வெளிச்சத்தை மறைத்தால் நிற்கும். முல்லைத்தீவிலிருந்து கொண்டுவந்த வள்ளப் பலகைகளை இழுத்துவந்தார்.

"மூடாதேங்கோ அப்பா."

"கொஞ்ச நேரம் மகன். இருட்டினால் அது நிக்கும்."

மூடினார். அலறல் நின்றது. பலகைமேல் குப்புறப் படுத்துக் காதை வைத்தார். மிக அருகே மூச்சு. உயிரோடுதான் இருக்கிறான். கர்த்தரே, உயிரோடு இருக்கிறான்.

பிறகுதான் கண்டார். பலகைகளுக்கிடையே விரலளவு இடைவெளி. அதனூடாக வெயில் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இடைவெளியால் வெள்ளை விரல்கள் வந்தன. ஐந்து. பத்து. பதினாலு.

ஒன்றில் றொமேசின் கல்யாண மோதிரம் இருந்தது. மோதிரத்தைத் தாண்டி அந்த விரல் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது.