மூலை மேசையில் தொலைந்த மூக்குத்தி

அம்மாவின் மூக்குத்தி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பெறும். நகைக்கடைக்காரர் கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்து, இரண்டு தடவை உதட்டைப் பிதுக்கி, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த விலை அது. உதட்டைப் பிதுக்கிய வகையில் மட்டும் பத்தாயிரமாவது குறைந்திருக்கும். நாற்பத்தொரு வருடம் அதைச் சுமந்த மூக்குக்கு அவர் விலை சொல்லவில்லை. அந்தச் சரக்கை அவர் கடையில் எடுப்பதில்லை.

மதியம் 2.20க்கு, ஒரு சைவ உணவகத்தின் மூலை மேசையில், அந்த மூக்குத்தி காணாமல் போனது.

மேசையில் நாலு பேர். மூன்று மாதத்துக்கு முன் மனைவியைப் பறிகொடுத்த அப்பா. அவருடைய மகன், மகள், மருமகன். நகைக்கடையிலிருந்து நேராகச் சாப்பிட வந்தவர்கள். பசியோடு வந்தார்கள் என்று சொல்ல முடியாது, கணக்கோடு வந்தார்கள். அப்பா மட்டும் ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துப் பருப்பில் போட்டு, ஊறும்வரை காத்திருந்து விழுங்கினார். மற்றவர்கள் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"வித்துட்டு ஆளுக்குப் பாதி. இதுல பேச என்ன இருக்கு?" என்றான் மகன்.

"அம்மா போட்டிருந்ததை யாரோ ஒருத்தி போட்டுக்கணுமா? நான் எடுத்துக்கறேன் அண்ணா. உன் பாதியைத் தந்துடறேன்."

"எந்த விலைக்குப் பாதி? இன்னைக்கு விலைக்கா, நீ தரப்போற அன்னைக்கு விலைக்கா?"

"பாத்தீங்களா? அம்மா போய் மூணு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள வட்டிக்கடை திறந்துட்டான்" என்று மகள் கணவனிடம் முறையிட்டாள். மருமகன் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டுக் கைகழுவ எழுந்து போனான்.

சர்வர் வந்தார். ஐம்பதை நெருங்கும் ஒல்லியான மனிதர். "காப்பி கொண்டு வரட்டுமா சார்?"

"நாலு. அப்பாவுக்குச் சர்க்கரை போடாம" என்றாள் மகள்.

"பில்லை முதல்ல கொண்டாங்க" என்றான் மகன்.

பில் வந்தது. கூடவே சின்னக் கிண்ணத்தில் வெள்ளையும் மஞ்சளுமாகச் சர்க்கரை பூசிய சோம்பு, நடுநடுவே கற்கண்டுத் துண்டுகள். மகன் நகைப்பெட்டியைத் திறந்து மேசை நடுவில் வைத்தான். "கடைசியா கேக்கறேன்." மகள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். அவன் தன் பக்கம் இழுத்தான். தண்ணீர் ஜாடி கவிழ்ந்தது. மகன் போனைத் தூக்கினான், மகள் சேலையைத் தூக்கினாள். காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்த சர்வர் தோளில் கிடந்த துணியை உருவி மேசையைத் துடைத்தார். துடைத்து முடித்தபோது பெட்டி இருந்தது. மூக்குத்தி இல்லை.

மகள் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்கள்.

அடுத்த மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி அப்போதுதான் திரும்பினார். சுங்கத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். செருப்பின் குதிகால், பற்பசைக் குழாய், கைக்குழந்தையின் இடுப்புத் துணி என்று கல் ஒளிந்திருந்த இடமெல்லாம் கைவிட்டுப் பார்த்தவர். அந்த உணவகத்தில் அவருக்குப் பெயர் கஸ்டம்ஸ் அம்மா. நடந்தது எதையும் அவர் பார்க்கவில்லை. ஆனால் பேசியதில் ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தார். கேட்காமல் இருக்க வேண்டுமென்றால் காதில் பஞ்சு வைத்திருக்க வேண்டும்.

மகன் சர்வரின் சட்டையைப் பிடித்திருந்தான். "துடைக்கிற சாக்குல எடுத்துட்டான். மேனேஜர், போலீஸைக் கூப்பிடுங்க."

மேனேஜர் வியர்த்தார். சர்வர் அவரைத்தான் பார்த்தார். "சார், போன ஓட்டல்ல ஒரு மோதிரம் காணாமப் போச்சு. ஒரு வாரம் கழிச்சு வாஷ்பேசின் குழாய்ல கிடைச்சுது. அதுக்குள்ள என்னை அனுப்பிட்டாங்க. இன்னொரு தடவைன்னா யாரும் என்னைச் சேத்துக்க மாட்டாங்க. வீட்டுல நான் ஒருத்தன் சம்பளம்தான் சார்."

"அம்மா, போலீஸ் வர்றதுக்குள்ள நீங்க ஒரு பார்வை பாருங்களேன்" என்று மேனேஜர் கஸ்டம்ஸ் அம்மாவைக் கும்பிட்டார்.

2.30. துணியைப் பிழிந்தார்கள். தரையைத் தவழ்ந்து பார்த்தார்கள். காப்பித் தம்ளர்களைக் கவிழ்த்தார்கள். சர்வர் எல்லார் முன்னாலும் சட்டையைக் கழற்றி உதறினார். மகளின் கைப்பையைக் கொட்டியபோது பழைய மருந்துச் சீட்டும் சீப்பும் விழுந்தன. மகனும் மருமகனும் கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார்கள்.

"அப்பாவையுமா?" என்றாள் மகள்.

"எல்லாரையும்தான்" என்றான் மகன். அப்பா தானாகவே எழுந்து, தையற்காரனுக்கு அளவு கொடுக்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்து நின்றார். மகன் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை.

களைத்துப்போய் உட்கார்ந்தார்கள். மகள் கண்ணைத் துடைத்தாள். அப்பா கிண்ணத்திலிருந்து ஒரு பிடி சோம்பு எடுத்துக்கொண்டார். மேனேஜர் போனைக் கையில் எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் கஸ்டம்ஸ் அம்மா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மருமகன் பக்கம் திரும்பினார். "நீங்க எப்ப எழுந்து போனீங்க?"

"இவங்க சத்தம் ஏறினப்ப."

"திரும்பி வந்தது?"

"இவ கத்தினப்ப."

"சரியான நேரம் பாத்துப் போயிருக்கார்" என்றான் மகன்.

"மச்சான், உங்க சண்டையில பக்கத்துல உக்காந்திருக்கறதுக்கு எனக்குச் சம்பளமா தர்றீங்க?"

"அவர் சொல்றது நிஜம்" என்றார் கஸ்டம்ஸ் அம்மா. "ஜாடி கவிழ்ந்ததுல உங்க மூணு பேருக்கும் துணி நனைஞ்சிருக்கு. இவர் சட்டையில ஒரு சொட்டு இல்ல. அப்ப இவர் மேசையிலேயே இல்ல. சர்வர்? நான் திரும்பினப்ப ஒரு கையில காப்பித் தட்டு, இன்னொரு கையில துணி. மூணாவது கை இருந்திருந்தா நம்ம மேனேஜர் இவரை இன்னும் ரெண்டு மேசைக்கு அனுப்பியிருப்பார்."

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"மிச்சம் அண்ணனும் தங்கையும். ரெண்டு பேர் கையும் அந்தப் பெட்டியில இருந்துச்சு. ஒருத்தர் விரலை ஒருத்தர் கண்ணு விடல. நான் திரும்பினப்ப ஒருத்தர் போனையும் ஒருத்தர் சேலையையும் தூக்கிட்டுப் பின்னால நின்னீங்க. தண்ணி கொட்டினப்ப எதையும் தூக்காத ஆள் ஒருத்தர்தான்." குரலைத் தாழ்த்தினார். "ஐயா, சோம்பு எப்படி இருக்கு?"

அப்பாவின் மூடிய கை மடியில் இருந்தது.

"இன்னும் வாயில போடலையே? தட்டைப் பாத்தாலே தெரியுது, ரொட்டியையே ஊறவெச்சுத்தான் சாப்பிட முடியுது. காப்பியில சர்க்கரை கூடாது. அப்புறம் ஒரு பிடி கற்கண்டு யாருக்கு?"

"அம்மா, வயசானவரைப் போய்..." என்று மகள் எழுந்தாள்.

அப்பா கையைத் திறந்தார். வியர்வையில் சர்க்கரை இளகி உள்ளங்கை முழுக்க ஒட்டிக்கிடந்தது. ஒன்று மட்டும் இளகவில்லை.

"சோதனை போட்டப்ப இவர்கிட்ட ஒண்ணும் இல்ல. எல்லார் கண்ணு முன்னாடியும் கிண்ணத்துல இருந்துச்சு. வெள்ளைக்குள்ள கல்லு, மஞ்சளுக்குள்ள தங்கம். துணியைப் பிழிஞ்சோம், காப்பியைக் கொட்டினோம், கிண்ணத்தை யாரும் தொடல. சாப்பாடு முடிஞ்சவங்க கைதான் சோம்புக்குப் போகும். இந்த மேசையில யாரும் சாப்பிட்டே முடிக்கல."

அப்பா மூக்குத்தியைப் பார்த்தபடியே பேசினார்.

"ஆஸ்பத்திரியில நகையெல்லாம் கழட்டிக் குடுங்கன்னாங்க. வளையல் வந்துடுச்சு. இது வரல. திருகாணி இறுகிப்போச்சு. நர்ஸ் வெட்டி எடுக்கலாமான்னு கேட்டுச்சு. வேண்டாம்மா, நானே எடுக்கறேன்னு சோப்புத் தண்ணி வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமா திருகினேன். சின்னதா கை பட்டாலே சண்டைக்கு வர்றவ. அன்னைக்கு எவ்வளவு திருகியும், வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல." நிறுத்தினார். "அதுக்கு நீங்க லென்ஸ் வெச்சு விலை கேட்டீங்க."

"கேட்டிருக்கலாமேப்பா" என்றாள் மகள். "நாங்க தரமாட்டோமா?"

"தந்திருப்பீங்க. தந்துட்டு என் பேர்ல கணக்கு எழுதியிருப்பீங்க."

மகன் தொண்டையைச் செருமினான். "அதெல்லாம் இல்ல. அப்பாவே வெச்சுக்கட்டும். பின்னால வீட்டைப் பிரிக்கும்போது அதுல கழிச்சுக்கலாம்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது.

"என் பங்குல கழி" என்றாள் மகள். "முழுசும் என் பங்குல கழிச்சுக்கோ." அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். சர்க்கரைப் பிசுபிசுப்பு அவள் கையிலும் ஒட்டியது.

அப்பா எழுந்து சர்வரிடம் போனார். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். "உங்களைப் பிடிச்சப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. பெத்த பிள்ளைங்க முன்னாடி திருடனா நிக்கப் பயந்துட்டேன். அதுக்கு உங்களை நிக்க வெச்சுட்டேன். மன்னிச்சுடுங்க."

"விடுங்க ஐயா" என்றார் சர்வர். அவர் கண்ணும் நிமிரவில்லை.

மகன் யாரையும் பார்க்காமல் வெளியே போய்க் காரில் உட்கார்ந்தான். மருமகன் பில்லைக் கட்டினான்.

3.15. மேனேஜர் கல்லாவில் கணக்கை முடித்தார். நாலு சாப்பாடு, நாலு காப்பி. கொட்டின காப்பிக்குக் கழிவு இல்லை. வரவு சரி.

சர்வர் மேசையைத் துடைத்தபடி தன் கணக்கைப் போட்டுப் பார்த்தார். அப்பாவிடமிருந்து ஒரு மன்னிப்பு, முழுசாக, வரவு. மேனேஜரிடமிருந்து, "நீ போய் ஏதாவது சாப்பிடுப்பா", அரை மன்னிப்பு என்று வைத்துக்கொள்ளலாம், வரவு. மகனிடமிருந்து வர வேண்டியது, பாக்கி.