வெள்ளானூர் ஏரியில் ஓர் ஆலா

தொண்ணூற்று நான்கு ஐப்பசி. புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் கடற்பறவை பார்க்கத் திருச்சியிலிருந்து வந்த அருள்தாஸ், கடலையே பார்க்க முடியாமல் திண்டாடினான். பழவேற்காட்டுச் சாலையெல்லாம் வெள்ளம், பஸ் இல்லை. திருமுல்லைவாயிலில் மைத்துனன் பால்ராஜ் வீட்டில் முடங்கிக் கிடந்தவனுக்கு அவன்தான் வழி சொன்னான்.

"வெள்ளானூர் ஏரில கடல் பறவைங்கோ எறங்கிகீதாம் மச்சான். போய்ப் பாரேன்."

அருள்தாஸுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: முதுகு கருத்த ஆலா. நடுக்கடல் பறவை, புயல் தள்ளினால்தான் ஊர்ப்பக்கம் வரும். முன்பொருமுறை பார்த்ததாகச் சொல்லி, பறவை நண்பர்களிடம் பொய்யன் என்று பெயர் வாங்கியிருந்தான். இந்த முறையும் படமில்லாமல் போனால் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது.

ஏரியில் பிற்பகலே இருண்டு கிடந்தது. அழுகிய பாசி நாற்றம். பறவைகள் நட்ட நடுவில் மிதந்தன. அவற்றுக்கிடையே ஆலா போல ஒன்று. லென்ஸைத் துடைத்தால் தூறல். தூறல் நின்றால் மூடுபனி. சனியன் பிடித்த நாள் என்று வாய்விட்டே திட்டினான். அந்த ஆலா சிறகை விரித்தால் போதும், இனம் தெரிந்துவிடும்.

பறவைகளை எழுப்ப அவன் வழக்கமாகச் செய்வதைச் செய்தான். இரண்டு முறை கை தட்டினான்.

ஒன்றுகூட எழவில்லை.

அக்கரையிலிருந்து இரண்டு தட்டு கேட்டது.

எதிரொலி இவ்வளவு தாமதமாக வருமா? யோசிப்பதற்குள் மிதந்த பறவைகள் இருபுறமும் ஒதுங்கின. நடுவே ஒரு பாதை. படகில்லை, ஆளில்லை. பாதை மட்டும் அவனை நோக்கி நீண்டுகொண்டே வந்தது.

சளக்... சளக்... கையால் தண்ணீர் தள்ளும் சத்தம்.

கரைமேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த எல்லம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"யாரு நைனா தட்டினது?"

"நான்தான்மா. பறவை எழும்பட்டும்னு..."

"அது கோதண்டத்தக் கூப்டற தட்டு!" அவள் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "லாரி டியூப்புல ஆள ஏத்திகினு அக்கரைக்கு வுடுவான். போன வருசம் வெள்ளத்துல முய்கி பூட்டான். அதுலேர்ந்து இங்க யாரும் கை தட்டறதில்ல. கூப்ட்டவங்க ஏறலன்னா அவன் போமாட்டான் நைனா!"

அப்போதுதான் அந்த ஆலா எழுந்தது. நேராகக் கரைக்குப் பறந்து வந்தது. ஓர் ஆளின் தோள் உயரத்தில், வெறும் காற்றில் கால் ஊன்றி உட்கார்ந்து, சிறகை மடக்கிக்கொண்டது.

கருத்த முதுகு. வெள்ளை நெற்றி. கேமரா நிறைய அதுதான்.

விரல் அசையவில்லை.

சிறகை விரிக்காமலே அது அவனை நோக்கி நகர்ந்தது. நடப்பவன் தோளில் இருப்பதுபோல மெல்ல ஏறி, இறங்கி.

ஈர ரப்பர் வாடை மூக்கில் ஏறியது.

அருள்தாஸ் விழுந்தடித்து ஓடினான்.

இரவெல்லாம் பயத்தைவிட ஆத்திரம்தான் அவனைத் தின்றது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் வந்தும் படமில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. பொய்யன் பட்டம் இனி சாகும்வரை போகாது.

விடிந்ததும் மொட்டை மாடியிலிருந்து பால்ராஜ் கத்தினான்.

"மச்சான்! கேமராவ எடுத்துகினு ஓடியா! நீ சொன்ன கருப்பு முதுகு பறவை நம்ம மாடிக்கே வந்துகீது!"

அருள்தாஸ் முதல் படியில் கால் வைத்தான். மேலே பால்ராஜின் குரல் தணிந்தது.

"ஆனா மச்சான்... இது எது மேல உக்காந்துகினு கீது?"