நாளைக்குக் கிளம்பலாம்

சைலஸின் சட்டை காயவேயில்லை. தகரக் கூரை பொசுக்கும் வெயிலில், கிழக்குக் காற்று ஓயாமல் அடிக்கும் முற்றத்துக் கொடியில், காலையில் போட்ட துணி மதியம் தாண்டியும் சொட்டிக்கொண்டிருந்தது. அதே கொடியில் விடுதிக்காரி மிஸ் எர்லினின் மேசை விரிப்புகள் மொறமொறவென்று காய்ந்து படபடத்தன. ஆல்வின் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு எரிச்சலோடு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் இருந்த இருப்பில் அடுத்தவன் சட்டையைப் பற்றி யோசிக்க மனமில்லை.

சனிக்கிழமை பெக்குவே தீவில் அவன் மகள் ஷெர்மாவுக்குக் கல்யாணம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பி அறுந்துபோனதால்தான் வழியிலிருந்த இந்தச் சின்னத் தீவில் ஒதுங்கினார்கள். கப்பலில் கூட வந்த கேப்டன் ஓட்லி, ராயல், சைலஸ் மூவரும் விரிகுடாவில் குளித்து, மீன் சுட்டுத் தின்று, கடற்கரை மரத்தடியில் டாமினோ ஆடிக் களித்தபோது, ஆல்வின் ஒருவன்தான் பாய்மர உச்சியில் தொங்கிக்கொண்டு கம்பியைக் கட்டி முடித்தான். இப்போது கப்பல் தயார். காற்றும் தோதாக இருந்தது. கேப்டன் ஓட்லிதான் எழுந்திருப்பதாக இல்லை.

"நாளைக்குக் கிளம்பலாம்டா," என்றார் அவர், ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க, ஸ்கிப்பர்."

"அது நேத்தைய நாளைக்கு. இது இன்னைய நாளைக்கு."

ராயல் விழுந்து விழுந்து சிரித்தான். "மாப்பிள்ளைப் பையன் இன்னும் ரெண்டு நாள் சுதந்திரமாத்தான் இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கு மாமனார் ஆகறதுக்கு இவ்வளவு அவசரமா?"

சொல்லிக்கொண்டே அவன் ஒரு காயை மேசையில் ஓங்கி அடித்தான். அவன் கையிலிருந்து தெறித்த தண்ணீர் ஆல்வினின் உதட்டில் பட்டது. உப்பு. அவர்கள் கடலிலிருந்து ஏறி நெடுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் மூவரின் நாற்காலிகளுக்கடியிலும் மணல் கறுத்து, நனைந்து, குழைந்து கிடந்தது.

ஆல்வினுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. துறைமுகத்துக்குச் சற்றுத் தாமதமாக வந்தாலே ஊர் கேட்கத் திட்டித் தீர்க்கும் மனிதர் கேப்டன். பாய் சரியாக மடிக்கவில்லை என்று சைலஸின் தொப்பியைப் பிடுங்கிக் கடலில் வீசியவர். இப்போது மடியில் குழந்தை தூங்குவதுபோல அசையாமல் உட்கார்ந்துகொண்டு, எதைக் கேட்டாலும் சிரிக்கிறார்.

விடுதிக்குத் திரும்பிப் பையைக் கட்டினான். அறையில் கடற்பாசி வாடை மூக்கைத் துளைத்தது. மிஸ் எர்லின் ராயலின் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். அதிலிருந்து தண்ணீர் ஒழுகி வாசலை நோக்கி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

"எம்மேல கோபப்படாதீங்க, மிஸ் எர்லின். அவனுங்க துடைக்காமப் படுத்திருப்பானுங்க."

"கோபமெல்லாம் இல்ல. பழகிப்போச்சு." அவள் கந்தலை வாளியில் பிழிந்தாள். "நீ கடல்ல எறங்கலியா?"

"எனக்கு ஏது நேரம்? கிளம்பணும்னு நான் ஒருத்தன்தான் கத்திட்டுத் திரியறேன்."

"கத்து," என்றாள் அவள். "நல்லாக் கத்து. இங்க வர்றவங்க எல்லாம் மொதல்ல அப்படித்தான் கத்துவாங்க. அப்புறம் ஒருநாள் அமைதியாயிடுவாங்க."

"அமைதியாகி?"

அவள் வாளியைத் தூக்கினாள். "அவங்க படகுகளை எப்பவாச்சும் யாராவது வந்து இழுத்துட்டுப் போவாங்க," என்று சொல்லிக்கொண்டே பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

மீனவர் யாருடைய படகிலாவது தனியாகப் போய்விடுவது என்று முடிவெடுத்தான். ஆனால் முகத்துக்கு நேராகச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்துக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தபோது சூரியன் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நின்றது. மரத்தடி நாற்காலிகள் காலி.

மூவரும் கடலில் இருந்தார்கள்.

குளிக்கவில்லை, நீந்தவில்லை, ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் இறைக்கவுமில்லை. கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முன்னால் ராயல், அவனுக்குப் பின் சைலஸ், கடைசியில் கேப்டன் என்று சும்மா நின்றார்கள்.

"ஸ்கிப்பர்! நான் போறேன்!"

யாரும் திரும்பவில்லை. ராயல் ஓர் அடி முன்னே வைத்தான். தண்ணீர் அவன் கழுத்துக்கு ஏறியது. இன்னோர் அடி. வாய். கண். தலை.

ஒரு குமிழிகூட மேலே வரவில்லை.

அடுத்து சைலஸ்.

ஆல்வின் பையைப் போட்டுவிட்டு ஓடினான். செருப்போடு, கால்சட்டையோடு. கேப்டனின் தோளை எட்டிப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. இரண்டு கைகளாலும் இழுத்தான். நட்டுவைத்த கம்பம்போல நின்றார். கீழே பார்த்தான்.

சாய்ந்த வெளிச்சம் தண்ணீரின் அடிவரை இறங்கியிருந்தது. கேப்டனின் பாதங்கள் கணுக்கால்வரை மணலில் புதைந்திருந்தன. அவருக்கு முன்னால் சைலஸ், திறந்த கண்களோடு. அவனுக்கு முன்னால் ராயல். அவனுக்கும் முன்னால் வேறு ஆட்கள். மீனவர்கள். மாலுமிகள். பழங்காலப் பித்தளைப் பொத்தான் கோட்டுகள். கவுன் குடைபோல விரிந்து மிதக்க ஒரு பெண். சரிவு இறங்க இறங்க, வரிசைக்குப் பின் வரிசை. எல்லார் முகமும் ஆழத்தை நோக்கி. தலைமுடிகள் மட்டும் ஒன்றுபோல அசைந்தன.

கேப்டன் மெதுவாகத் திரும்பினார். "என்னடா அவசரம்?" என்றார் பிரியமாக. வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"சனிக்கிழமை..." என்று கத்த ஆரம்பித்தான் ஆல்வின்.

சனிக்கிழமை ஏதோ இருந்தது. யாருக்கோ.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கம்பி கட்டியதில் பிடித்திருந்த தோள்வலி போய்விட்டது. நெஞ்சில் கோபத்தைத் தேடினான். இத்தனை நாள் அது எரிந்துகொண்டிருந்த இடத்தில் எதுவும் இல்லை.

கீழே ராயல், திரும்பிப் பார்க்காமலே, ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தான். அவனை அடுத்து நின்றவர்களும் நகர்ந்தார்கள். வரிசையின் நடுவே, வெள்ளை மணலில், ஒரே ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தது.