உப்பெடுக்கும் டேங்க்

எபனேசர் ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டினான். நான்காவது தட்டு டேங்கின் மறுமுனையிலிருந்து வந்தது.

எதிரொலிதான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டான். ஆள் நுழையும் மேன்ஹோலுக்கு வெளியே காவல் இருந்த சீனிச்சாமி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குரல் கொடுப்பார். உள்ளிருப்பவன் மூன்று தட்டு தட்ட வேண்டும். உள்ளே போகிறவன் தன் பெயர்த்தகட்டை வாசல் கொக்கியில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் அவனே கழற்ற வேண்டும். கொக்கியில் தகடு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. வளைகுடாவில் எட்டு வருடம் பழகிய இந்தக் கட்டுப்பாட்டை ராஜபாளையத்துப் பழைய இரும்பு யார்டுக்குக் கொண்டுவந்தவனே எபனேசர்தான்.

"ஏலே, மலப்பக்கம் கருத்துருச்சு. மழைக்கு முன்ன மூடணும். இன்னும் எம்புட்டு நேரம்?" என்றார் சீனிச்சாமி.

"ரெண்டு போல்ட்டுதாண்ணே. நாலு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல எலினாவக் கூப்பிடணும். பிள்ள ஸ்கூல் கேட்டுல தனியா நிப்பா."

ஏதோ ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் உப்பெடுத்த டேங்க் அது. பூமிக்கடியிலிருந்து வரும் கச்சா எண்ணெயில் உப்பு கலந்திருக்கும். விட்டுவைத்தால் குழாய்களை அரித்துத் தின்றுவிடும். அதனால் எண்ணெயில் நல்ல தண்ணீரைக் கலந்து இதற்குள் விடுவார்கள். மேலே தொங்கும் கம்பித் தட்டிகளில் மின்சாரம் பாய்ந்ததும், கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் ஒன்றையொன்று தேடி ஒட்டிப் பெருத்து, உப்பைச் சுமந்துகொண்டு அடியில் இறங்கிவிடும். அந்தத் தட்டிகளைக் கழற்றத்தான் அவன் வந்திருந்தான். ஒயர் அறுபட்டு நாலு வருடமாக யார்டில் கிடந்த டேங்க், வறட்டியாய்க் காய்ந்திருந்தது.

பின்னே காலடியில் ஏது ஈரம்? எண்ணெயின் பழைய நாற்றத்துக்கு நடுவே, கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது முகத்தில் அடிக்குமே, அந்த வாடை கிளம்பியது. தலைக்கு மேல் தட்டிகள் மெல்ல ரீங்கரித்தன. முழங்கையிலிருந்து சொட்டிய வியர்வைத் துளிகள் தரையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கோடாகி, டேங்க் சாய்ந்திருந்த வாசல் பக்கம் ஓடாமல், மேட்டில் ஏறி இருட்டு முனைக்குப் போயின.

விளக்கைத் திருப்பினான்.

உப்பு. ஆளுயரத்துக்கு. காலையில் அது அங்கே இல்லை.

கத்த வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில் இல்லை. வந்த கண்ணீரும் கன்னத்தில் நிற்காமல் இறங்கி, அந்தக் கோட்டோடு சேர்ந்தது. விழுந்தான். தனியாக நிற்கும் எலினாதான் நினைவுக்கு வந்தாள்.

ஏதோ அவனைத் தாண்டி நடந்தது. ஈரக் கால்கள். மேன்ஹோல் வெளிச்சம் ஒரு கணம் மறைந்து மீண்டது.

"வந்துட்டியா? என்னலே, மேலெல்லாம் வெள்ளையா?"

"உப்புண்ணே."

எபனேசரின் குரல். ஆனால் எபனேசர் பேசவில்லை.

கொக்கியிலிருந்து தகடு கழன்றது.

தவழ்ந்தான். ஸ்பேனர் கையில் பட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

"உள்ள சத்தம் கேக்குதே?" சீனிச்சாமியின் குரல் தயங்கியது.

"எதிரொலிண்ணே. தகடுதான் என் கையில இருக்கே. மூடுங்க."

அவர் கொக்கியைப் பார்த்திருக்க வேண்டும். மூடி கிறீச்சிட்டு நகர்ந்தது.

குறுகிக்கொண்டே வந்த வெளிச்சத்தில் அவன் ஒரு கையைப் பார்த்தான். வெல்டிங் சுட்ட அவனுடைய அதே தழும்பு. அவன் வெளியே வைத்துவிட்டு வந்த போனை அந்தக் கை காதில் வைத்திருந்தது.

"எலினா, கேட்டுலயே நில்லு கண்ணு. அப்பா வாரேன்."

மணிக்கட்டு வழியாக வெள்ளையாக ஏதோ உதிர்ந்துகொண்டிருந்தது. வெளியே சீனிச்சாமி போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கத் தொடங்கினார்.