நூற்றுப் பதின்மூன்றாவது இதழ்

சிரித்தது ஒரே ஒருவர்தான். ஆனால் நாலாயிரம் பேர் வாயை மூடிக்கொண்டு கதை கேட்கும் கூடத்தில் அந்தச் சிரிப்பு பித்தளைத் தட்டு விழுந்த மாதிரி கேட்டது. செந்தாழை பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எழுந்து ஓடவும் வழியில்லை. கதவுகளை அடைத்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டரை மணி நேரத்துக்குத் திறக்கமாட்டார்கள். வெளியே தெருக்களில் காற்றே இல்லை.

அன்று காற்று மாற்று நாள். சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனில், மஞ்சுக்குடி என்ற அந்த ஊருக்கு நாற்பது நாளுக்கு ஒருமுறை வருவது. வளியாலை சுரங்கத் தெருக்களின் பழைய காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்து, புதுக்காற்றைச் செய்து நிரப்ப நான்கு மணி நேரம் பிடிக்கும். அதுவரை ஊர் மொத்தமும் பாய், சோற்றுப் பொட்டலம், கைக்குழந்தை சகிதம் நடுக்கூடத்தில் அடைந்து கிடக்க வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் சாவு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். ஊர் தொடங்கிய வருடம், மூன்றாவது காற்று நாளில், மூச்சு முட்டுகிறது என்று அலறிய ஒருவன் கதவின் தாழ்ப்பாளை இழுத்துவிட்டான். பதினோரு பேர் போய்விட்டார்கள். உண்மையில் கூடத்தில் காற்றுக்குக் குறைவே இருக்கவில்லை.

அந்த ஊரைக் காப்பாற்றியது ஒரு பத்திரிகை.

குடியேற வந்தவர்கள் எல்லாம் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துக் குடும்பங்கள். பிரான்சு அனுப்பிய கப்பலில் தலைக்குப் பன்னிரண்டு கிலோ சொந்தச் சுமைக்கு அனுமதி. மற்றவர்கள் மசாலாத் தூளும் மாதா படமும் பட்டுப் புடவையும் கட்டினார்கள். சவரிநாதர் என்ற குழாய்ப் பணியாளர் மட்டும் பன்னிரண்டு கிலோவுக்கும் பழைய பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டு வந்தார். 'லூமியேர் லோந்தேன்', அதாவது தொலைவெளிச்சம். லியோன் நகரத்தில் ஒரு புத்தகக் கடையின் பின்னறையில் 1953இல் பிறந்து, விண்கலங்களையும் சூனியக்காரிகளையும் ஒரே அட்டைக்குள் குடிவைத்த பத்திரிகை. அவருக்குக் கிறுக்கு என்றது ஊர். நான்காவது காற்று நாளில், அழுகையும் பிதற்றலும் ஏறிக்கொண்டிருந்தபோது, சவரிநாதர் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று, ஓர் இதழைப் பிரித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். நான்கு மணி நேரம். கதவு திறந்தது யாருக்கும் தெரியவில்லை. "முடிச்சிட்டுப் போங்கய்யா" என்று உட்கார்ந்தே இருந்தார்கள்.

அன்றிலிருந்து காற்று நாளுக்கு ஒரு கதை, இதழுக்கு நான்கு கதை. ஐம்பது வருடமாக அதுதான் வழக்கம். முதல் முப்பத்தொரு இதழ்கள் பிரெஞ்சு மூலமாகவே பெட்டகத்தில் இருந்தன. அதற்குப் பிந்தியவை பயணத்தில் பொடிந்துவிட்டன என்றும், அவை பொடியும் முன் சவரிநாதர் நெகிழித் தாளில் எழுதிவைத்த மொழிபெயர்ப்புதான் மிச்சம் என்றும் சொல்லிவந்தார்கள்.

தாழைக்கு வயது பதினைந்து. காற்று நாள் என்றால் ஐந்து வயதிலிருந்தே அவளுக்கு நெஞ்சு அடைக்கும். மூச்சை எண்ணுவாள். முந்நூறுக்கு மேல் எண்ண முடியாமல் கை சில்லிடும். அப்போதுதான் அர்மான் ஒலிவியே வருவார். பத்து வருடமாகப் பத்திரிகையில் அதிகம் எழுதியவர் அவர். அவர் கதை தொடங்கினால் எண்ணிக்கை மறந்துபோகும். முந்நூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன அந்த மனிதருக்குத் தாழை தினமும் படுக்கப் போகும்போது ஒரு நன்றி சொல்வாள். "மெர்சி, மிஸியே ஒலிவியே." அவள் வேண்டிக்கொள்ளும் சாமிகளில் அவரும் ஒருவர்.

அவருடைய தொடர்கதை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுப் பன்னிரண்டாவது இதழின் கடைசிப் பக்கத்தில், அதன் நாயகி வலேரி பாரீஸ் ரயில் நிலையத்தில் பிரிக்காத கடிதத்தோடு நிற்கிறாள். அதோடு, பெட்டகக்காரி மதலேன் அத்தை தாள்களை மடக்கி வைத்தார். "இத்தோட இதழ் தீர்ந்துபோச்சு. இனிமே இல்ல."

அடுத்த காற்று நாளில் ஏதோ பழைய கதையைத் திரும்பப் படித்தார்கள். கூடம் நெளிந்தது. கொத்தனார் ஒருவர் மெல்ல எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தார். பக்கத்திலிருந்தவர்கள் பாய்ந்து பிடித்தபோது, "சும்மா தொட்டுப் பாத்தேன்பா" என்றார். அவர் கண்ணைத் தாழை பார்த்தாள். அது சும்மா தொட்ட கண் இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் எழுத உட்கார்ந்தாள். முப்பது நாள் எழுதினாள். பழைய நெகிழித் தாளில், சவரிநாதரின் கொம்பு நீண்ட எழுத்தைப் பார்த்துப் பார்த்து இறக்கினாள். பெட்டகத்தைத் துடைக்கப் போகும் வியாழக்கிழமை, "அத்தை, அடித்தகடுக்குக் கீழ இது இருந்துச்சு" என்று நீட்டினாள். அத்தை வாங்கி இரண்டு பக்கம் படித்தார். இவளைப் பார்த்தார். "சரி. இதயே படிச்சிரலாம்" என்றார்.

மஞ்சுக்குடியில் ஏட்டுப் பொய்யை விடப் பெரிய குற்றம் இல்லை. வால்வைத் திறக்கும் கணக்கும் காற்றின் அளவும் ஏட்டை நம்பித்தான் நடக்கின்றன. பொய் ஏடு எழுதியவரை மீத்தேன் ஏரிக்கரை நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே துணைக்கு எந்திரன்கள் மட்டும்தான் இருக்கும். ஆனால் தாழை அதற்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை. இது பொய் என்று கூடத்துக்குத் தெரிந்தால், இனி எந்தக் கதையையும் கூடம் நம்பாது. அந்தக் கொத்தனாரின் கை மறுபடி தாழ்ப்பாளுக்குப் போகும்.

இப்போது சிரித்தவர் டாக்டர் சகாயராணி. இருபது நாளுக்கு முன் வந்த கப்பலில் புதுச்சேரியிலிருந்து வந்தவர். கூடத்தில் பூமி மழையை மறந்துபோகாத ஒரே ஆள்.

அத்தை படித்துக்கொண்டிருந்த இடம் இதுதான்: 'பாரீஸில் மழை பிடித்துக்கொண்டது. வலேரி குடை விரிக்கவில்லை. வரும் துளியைப் பார்த்து இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒதுங்கி ஒதுங்கி, கடிதத்தில் ஒரு சொட்டும் படாமல் பாலத்தைக் கடந்தாள்.'

"மன்னிச்சிக்குங்க" என்று டாக்டர் எழுந்தார். "கொட்டுற மழையில நனையாம எப்படிங்க நடக்க முடியும்?"

"ஏன் முடியாது?" என்றது ஒரு குரல். "துளி வர்றதப் பாத்து நவுந்துக்க வேண்டியதுதான?"

"டாக்டரம்மா, எங்க பசங்க கூரைக் கண்ணாடிக்குக் கீழ நின்னுகிட்டு ஒவ்வொரு துளிக்கும் பேர் வைப்பாங்க. அது வந்து விழறதுக்குள்ள, எது யாரு துளின்னு போடுற சண்டையே முடிஞ்சிடும்!"

கூடம் சிரித்தது. தாழை மட்டும் சிரிக்கவில்லை. டைட்டனில் மீத்தேன் மழை கோலிக்குண்டு அளவுத் துளிகளாக, இறகு இறங்குவது போல நிதானமாக இறங்கும். ஈர்ப்பு குறைவு, காற்று கனம். பூமியில் அப்படி இல்லை என்று அவள் பாடத்தில் படித்திருக்கிறாள். படித்ததைக் கை மறந்து, கண் பார்த்ததை எழுதிவிட்டது.

"முடிஞ்சதும் பேசிக்கலாம் டாக்டரம்மா" என்று அத்தை தாளைப் புரட்டினார்.

வலேரி கடிதத்தைப் பிரித்தாள். கூடம் மூக்கை உறிஞ்சியது. கொத்தனார் தன் மகளின் தலையைத் தடவிக்கொண்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார். கதவு திறக்கும் மணி அடித்தும் யாரும் எழவில்லை. தாழை அதைப் பார்த்தாள். 'என்னைப் பிடித்தாலும் பரவாயில்லை, இந்த ஒரு நாள் கிடைத்ததே' என்று நினைத்தாள்.

பெட்டக அறைக்கு மூவரும் போனார்கள். டாக்டர் முதல் வேலையாகக் கேட்டார், "இந்தப் பத்திரிகையில வேற எங்கயாவது மழை வருதா?"

அத்தை இதழ்களை எடுத்துப் போட்டார். டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஏழாவது இதழில் ஒரு துப்பறிவாளன் மழையில் தொப்பலாக நனைந்து தும்முகிறான். இருபத்தாறில் ஓர் ஊரே வெள்ளத்தில் போகிறது. முப்பத்தெட்டில் காதலர்கள் துளிகளுக்கு நடுவே நடக்கிறார்கள். ஐம்பத்தொன்றில் ஒருத்தி விழும் துளியை அந்தரத்திலேயே ஊசியால் குத்துகிறாள். எண்பதிலும் தொண்ணூற்று நாலிலும் மழை மெதுவாகத்தான் பெய்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பூமியில இருக்கிற பதிவுல, இந்தப் பத்திரிகை மொத்தமே முப்பத்தோரு இதழ்தான் வந்துச்சு. காகித விலை ஏறி, 1958ல கடைய மூடிட்டாங்க. இங்க நூத்துப் பன்னெண்டு இருக்குன்னு கேட்டதும், பதிவுதான் தப்புன்னு நெனச்சேன்."

அத்தை முதல் முப்பத்தோரு இதழ்களைத் தனியாக ஒதுக்கி வைத்தார்.

"பதிவு சரிதான்" என்றார் அத்தை. "முப்பத்திரண்டுலேர்ந்து சவரிநாதர் எழுதினது. எண்பத்தஞ்சு வரைக்கும். இங்கத்த மழையவே பாத்துப் பாத்து, பூமி மழை அவருக்கே மறந்துபோச்சு. அப்புறம் நான். இருபத்தேழு இதழ்."

தாழை அத்தையின் பக்கம் திரும்பினாள். "அப்ப அர்மான் ஒலிவியே..."

"நாந்தாண்டி."

"எனக்குத் தெரியாதே அத்தை!"

"தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பியா?" அத்தை அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். "அடித்தகடாம். இந்தப் பெட்டிக்கு அடித்தகடே கிடையாது. நான் முதல் கதைய அங்கேர்ந்துதான் 'எடுத்தேன்'. சவரிநாதர் முகத்த அன்னிக்கு நீ பாத்திருக்கணும்."

"பின்ன ஏன் தீர்ந்துபோச்சுன்னு சொன்னீங்க?"

"வரலடி. வலேரிய ஸ்டேஷன்ல கொண்டு நிறுத்திட்டேன். கடுதாசில என்ன இருக்குன்னு எனக்கே தெரியல. நீ கொண்டாந்து நீட்டுனப்ப, ரெண்டு பக்கம் படிச்சதும் போய் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தினேன்."

தாழை அழுதுவிட்டாள். பத்து வருடம் ராத்திரி ராத்திரி செத்துப்போனவருக்குச் சொன்ன நன்றி எல்லாம் மூன்று தெரு தள்ளி உயிரோடு இருக்கும் அத்தைக்குத்தான் போயிருக்கிறது. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "மெர்சி, மிஸியே ஒலிவியே" என்றாள். அத்தைக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

டாக்டருக்கு ஒன்று விளங்கவில்லை. "இவ்ளோ நல்லா எழுதுறீங்க. சொந்தப் பேர்ல எழுதினா என்ன?"

"சவரிநாதர் ஒரு தடவை அத செஞ்சாரு. 'இது நான் எழுதினது'ன்னு ஆரம்பிச்சாரு. பத்து நிமிஷம் தாங்கல. 'யாரு, நம்ம குழாய்க்காரரா? நேத்துதான் எங்க வீட்டுக் கக்கூசு அடைப்பு எடுத்தாரு, அவருக்கு என்ன தெரியும் வானத்தப் பத்தி'ன்னு ஒருத்தன். கூடம் கலைஞ்சு, ரெண்டு பேரு கதவுகிட்ட போயிட்டாங்க. அதே கதைய நாலு மாசம் கழிச்சு ஒரு பிரெஞ்சுக்காரன் பேர்ல படிச்சாரு. குழந்தைகூட அழல."

அத்தை பத்தொன்பதாவது இதழை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பத்திரிகைகளின் பக்கங்கள் ஒட்டியபடியே வரும். வாசகர்கள்தான் கத்தியால் வெட்டிப் படிக்க வேண்டும். ஆசிரியர் எதியேன் கர்போ அதில் புலம்பியிருந்தார். பழைய புத்தகக் கடைக்குத் திரும்பிவரும் இதழ்களில், பிரெஞ்சுப் பெயர் போட்ட கதைகள் மட்டும் வெட்டப்படாமல் இருந்தனவாம். அதனால் தெருமுனை ரொட்டிக் கடைக்காரரின் மகனுக்கு ராபர்ட் கிரேடன் என்று அமெரிக்கப் பெயர் சூட்டினாராம். அதற்கடுத்த மாதம் கத்தி அந்தப் பக்கத்தைத்தான் முதலில் வெட்டியதாம்.

"நாம மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன்" என்றார் டாக்டர். ஏட்டுப் பொய் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. "நான் வைத்தியம் பாக்க வந்தவ. கூடத்துல மயக்க மருந்தே செலவாகலன்னு குறிப்பெழுதப் போறேன், அவ்ளோதான்." ஆனால் ஒன்று செய்தார். தாழையிடம் கேட்டுக்கொண்டு, அவளுடைய கதையைப் பாரீஸுக்கு அனுப்பினார். அங்கே அதே பெயரில் பத்திரிகையை மறுபடி தொடங்கியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. தாழை அதை அத்தைக்கும் டாக்டருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள்.

கதை பிரமாதம் என்று எழுதியிருந்தார் ஆசிரியை. மழைக் காட்சியைப் படித்துவிட்டு அலுவலகமே வேலையை நிறுத்திவிட்டதாம். கட்டாயம் வெளியிடுவோம். பெயர் மட்டும்தான் சிக்கல். இப்போது எங்கள் வாசகர்கள் பாரீஸ்காரர் பெயரைப் பார்த்தால் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள்; அயல்கோளிலிருந்து வந்தால்தான் படிக்கிறார்கள். அதனால் எங்கள் எழுத்தாளர்கள் எல்லோரும் டைட்டன்காரர் பெயரில்தான் எழுதுகிறார்கள். செந்தாழை என்ற பெயரில் இங்கே ஒரு பல் மருத்துவர் ஒன்பது கதைகள் எழுதி, பரிசும் வாங்கிவிட்டார். நீங்கள் அதே பெயரில் வந்தால் உங்களைப் போலி என்பார்கள். கதையில் இருக்கும் அர்மான் ஒலிவியே என்ற பெயரையே போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள்.

அந்தப் பல் மருத்துவரின் கதை ஒன்றையும் மாதிரிக்கு இணைத்திருந்தார். டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கதையில், மஞ்சுக்குடியின் கூரைக் கண்ணாடி மேல் மழை சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த காற்று நாளுக்கு இன்னும் பதினெட்டு நாள். நூற்றுப் பதின்மூன்றாவது இதழின் இரண்டாவது கதையைத் தாழை முடித்துவிட்டாள். கூடத்துக்கு அனுப்ப ஒரு படி, பாரீஸுக்கு ஒரு படி. இரண்டும் மேசை மேல் கிடந்தன. இரண்டிலும் தலைப்புக்குக் கீழே ஒரு விரற்கடை வெற்றிடம்.

நன்றி என்று எழுதிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. சவரிநாதருக்கு, அத்தைக்கு, ரொட்டிக் கடைக்காரரின் மகனுக்கு, பெயரை ஒளித்துவைத்துத் தன்னை மூச்சுவிட வைத்த அத்தனை பேருக்கும். பேனாவைத் திறந்தாள்.

அத்தை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்ன பேருடி போடப்போற?"