கடப்பாரையில் கட்டிய கம்பி

இதனால் எருத்தேன்பதி மகாஜனங்களுக்கும் அவர்தம் கால்நடைகளுக்கும் அறிவிப்பது என்னவென்றால், வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, நாற்பது ஏக்கர் அர்த்தநாரி அவர்கள் தமது வீட்டு வாசலில், கொழும்பில் பேசும் மனிதக் குரலை ஆகாயத்திலிருந்து பிடித்து, எதிரே நின்று பேசுவதுபோல் வெகு தெளிவாகக் கேட்கச் செய்வார்.

ஊரெல்லாம் தப்பு அடித்தாயிற்று. குரல்தான் தெளியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கும் அர்த்தநாரி காதுக்குழாயை மாட்டிக்கொண்டு, தாமே செய்த ரேடியோப் பெட்டியின் முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தார். கணவாய்க் காற்று நின்றுபோய்ப் பனையோலைகூட அசையாதிருந்தது. வால்வுகள் சூடேறி, அரக்கும் தூசியும் கருகும் வாசனை அறையில் கட்டிநின்றது. குரல் வந்தது. ஆனால், வாய் நிறைய ஈரமண்ணை அடக்கிக்கொண்டு பேசுகிறவனின் குரலாக வந்தது.

"ஏனுங்க, ஒரு வாய் உண்டுபோட்டு அந்தக் கொழும்புக்காரனோட பேசறது" என்றாள் கதவோரம் மனைவி மயிலாத்தாள்.

"நாம பேச முடியாது புள்ள. கேக்க மட்டுந்தான்."

"நானும் இந்த ஊட்டுல அப்படித்தானுங்க."

"ஆறு அடிச்சதும் வாசல்ல வெச்ச ஒலிபெருக்கிப் புனலோட வயரப் பெட்டியில சொருகோணும். ஞாபகம் இருக்குதா?"

"நாலு நாளாச் சொல்றீங்க. மறக்க உட்டாத்தான?"

எர்த் கம்பியை ஈரமண்ணில் இறக்கிய இரும்பில் கட்டும்படி புத்தகம் சொல்லியிருந்தது. சித்திரை மாதத்தில் எருத்தேன்பதியில் ஈரமண் ஒரே இடத்தில்தான் இருந்தது: வீட்டை ஒட்டிய தமது தோட்டத்தில், போன வருஷம் மூடிய கிணற்றின்மேல். அது ஏனோ காய்வதே இல்லை. கிணறு வெட்டிய நல்லதம்பியின் கடப்பாரையும் அங்கேயே கிடந்தது. வசதியாகப் போயிற்று; அதையே மண்ணில் இறக்கிக் கம்பியைக் கட்டினார்.

சுவர் சரிந்து நல்லதம்பி உள்ளே அகப்பட்ட அன்று, மற்ற ஆட்கள் கயிறு கொண்டுவரக் கொழிஞ்சாம்பாறைக்கு ஓடினார்கள். மேட்டில் நின்றவர் அர்த்தநாரி ஒருவர்தான். தோண்டினால் ஓரத்து ஆயில் எஞ்சின் கொட்டகையும் சரியும். எஞ்சின் புதுசு. ஆட்கள் திரும்பியபோது, "அப்பவே உசுரு போயிருச்சு. சத்தமே இல்ல" என்றார். மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

பெட்டிக்குள் பெரிய கண்டென்சரைக் கழற்றிச் சிறியதைப் போட்டார். அடியில் உறுமிக்கொண்டிருந்த தடித்த இரைச்சல் வடிந்தது. குமிழைச் சீழ்க்கை எழும் இடத்திலிருந்து மயிரிழை பின்னுக்குத் திருப்பினார். மண் உதிர்வதுபோல் இரைச்சல் உதிர்ந்து, சொற்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின.

"எசமா... கவுறு..."

கொழும்புக்காரனுக்கு நம் ஊர்ப் பேச்சு எப்படி வந்தது? இன்னொரு மயிரிழை.

"எசமான், கவுறு உடுங்க. காலு மட்டுந்தான் சிக்கியிருக்குதுங்க."

குமிழை முன்னுக்குத் தள்ளினார். சீழ்க்கை வரவில்லை. பெரிய கண்டென்சரைத் திரும்பப் போட்டார். குரல் இன்னும் தெளிந்தது. மூச்சு கேட்டது. மூச்சுக்குப் பின்னால் மண் சரியும் சரசரப்பு.

மூன்று மாதம் குரலைத் தெளிவாக்கப் பாடுபட்ட விஞ்ஞானி, அடுத்த இரண்டரை மணி நேரம் அதைக் கெடுக்கப் பாடுபட்டார். தொட்டதெல்லாம் துலங்கியது. வாசலில் ஜமுக்காளம் நிறைந்துவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தார். முன்வரிசையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, நல்லதம்பியின் பெண்டாட்டி ராமாத்தாள்.

எர்த் கம்பி. அதைப் பிடுங்கிவிட்டால்?

காதுக்குழாயை வீசிவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினார். கம்பி கையோடு வந்தது. அது போதாது. கடப்பாரையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார்.

கீழிருந்தும் இழுத்தார்கள்.

டங். டங். டங். இரும்பு வழியே எலும்புக்கு ஏறியது. கடப்பாரை ஒரு சாண் இறங்கியது. விட்டுவிட நினைத்தார். விரல் விரியவில்லை.

வீட்டில் கடிகாரம் ஆறு அடித்தது. மயிலாத்தாள் சொன்ன வேலையை நேரத்துக்குச் செய்கிறவள்.

புனல் பேசியது.

"எசமான், நான் பேசறது கேக்குதுங்களா?"

பிறகு இன்னொரு குரல். அர்த்தநாரியின் குரல். போன சித்திரையில், குனிந்து, கிணற்றுக்குள் மட்டும் சொன்னது.

"கேக்குது. சத்தம் போடாத கெட."

வேலிக்கு அப்பால் ராமாத்தாள் எழுந்து நின்றாள். தோட்டத்தைப் பார்த்தாள். கடப்பாரை இன்னொரு சாண் இறங்கியது. முழங்கைவரை ஈரமண். குளிர்ந்த மண். அதற்குள் விரல்கள். அவருடையவை அல்ல.

அறிவித்தபடியே, குரல் வெகு தெளிவாக இருந்தது.