பதினோராவது பாட்டு

தமிழ்கூறும் நல்லுலகத்துக்கும், அதற்கு அப்பால் தமிழ் கூறாமல் வசிப்போருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், தமிழ்ப் பாப் இசையின் ஒரே சக்கரவர்த்தி, கடலூர் தந்த கர்ஜனை, ஆர்லோ அவர்களின் கால் நூற்றாண்டு இசைப் பயணம் பத்துப் பாடல்களில் தொகுக்கப்பட்டு, வருகிற ஞாயிறு மாலை சிதம்பரத்தில் வெளியிடப்படுகிறது. வரலாறு அன்று ஒரு கணம் நின்று திரும்பிப் பார்க்கும். வாகனம் நிறுத்த இடவசதி உண்டு.

அறிவிப்பை எழுதியவர் ஆர்லோவேதான். வாக்காளர் அட்டையில் அவர் பெயர் அருள்முருகன். தொகுப்பின் பெயர் 'சகலமும்'. அதிலிருந்த பத்தும் ஹிட் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு பாட்டு ஓடின. மூன்று நடந்தன. மீதி ஐந்தும் ஒரு காலத்தில் உள்ளூர் கேபிள் டிவியின் நேயர் விருப்பத்தில் தவறாமல் வந்தன. அவர் மனைவி சிந்துஜா வெவ்வேறு பெயர்களில் போன் செய்து கேட்டதுதான் காரணம்.

வெள்ளிக்கிழமை மதியம் கடலூர் செம்மண்டலம் வீட்டு மாடியறையில், நகைப்பெட்டி போன்ற வெல்வெட் பெட்டியிலிருந்து பென்டிரைவை எடுத்து ஸ்பீக்கரில் சொருகி, கண்ணை மூடிக்கொண்டு தன்னையே முழுதாகக் கேட்டார். பத்தாவது பாட்டு முடிந்தது. எழுந்து கைதட்டலாமா என்று யோசித்தார். கதவு திறந்திருந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அப்போது பதினோராவது பாட்டு வந்தது.

தொடங்கியது என்று சொல்ல முடியாது. கீழே சமையலறையிலிருந்து ஏறிவந்த கருவாட்டு வாசனைக்கும், மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டிக்கொள்ளும் சத்தத்துக்கும், தெருவில் யாரோ பைக்கை உதைத்து உதைத்துத் தோற்றுக்கொண்டிருந்ததற்கும் அடியில் அந்தக் குரல் வெகுநேரமாகவே பாடிக்கொண்டிருந்தது போலவும், இப்போதுதான் அவர் காது வரை வந்து எட்டியது போலவும் இருந்தது. தாளமில்லை, கீபோர்டு இல்லை. குரல் மட்டும். அவருடைய குரல். மேல் ஸ்தாயியில் லேசாகக் கரகரக்கும் அதே இடம், 'ழ'வை வழுக்கவிடும் அதே நாக்கு. ஆனால் அவர் வாழ்நாளில் எட்டாத ஒரு உயரத்துக்குப் போய், அங்கேயே அவசரமில்லாமல் நின்றது.

அந்தப் பாட்டை அவர் பாடியதில்லை.

துணி மடித்தபடி சிந்துஜா உள்ளே வந்தாள். "சவுண்டு வைங்க. இத முன்னாடி போட்டுருக்கலாம்ல? கடைசில தூக்கி வெச்சிருக்கீங்க."

"இது யாரு பாடுனது?"

"யாரா? வெயில்ல சுத்தாதீங்கன்னா கேக்கறீங்களா."

"சிந்து, நெசமா கேக்கறேன்."

"நம்ம கல்யாணத்துல பாடுனீங்க. எங்கம்மா கூட அழுதுச்சே. உங்க பாட்டக் கேட்டு நல்ல விதமா அழுதது அது ஒருவாட்டிதான்."

கல்யாணத்தன்று அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. புரோகிதருக்குக்கூடத் தலையசைத்துத்தான் பதில் சொன்னார். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சிந்துஜா துணியோடு படியிறங்கிவிட்டாள், அந்த மெட்டை மூடிய வாய்க்குள் முனகிக்கொண்டே. அவள் கீழே போய்ச் சேர்ந்தாள். பாத்திரம் உருளும் சத்தம் தூரத்திலிருந்து கேட்டது. முனகல் மட்டும் தூரம் போகவில்லை.

*

மறுநாள் காலை, தொகுப்பைத் தயாரித்தவரிடமே கேட்டுவிடுவது என்று சிதம்பரத்துக்குக் கிளம்பினார். காரை ஓட்டியவன் சிந்துஜாவின் தம்பி செந்தமிழ்செல்வன். ஆர்லோவின் மேனேஜர், விளம்பர அதிகாரி, டிரைவர் ஆகிய மூன்று பதவிகளையும் வகித்துவந்தவன். மூன்றுக்கும் சேர்த்து ஒரு மரியாதையும் கிடைக்காததால், அதைத் திருப்பித் தருவதும் இல்லை.

"அந்தக் கடைசிப் பாட்டு என்னுது இல்ல மச்சான்."

"மாமா, உங்க பாட்டுல காது குடுத்துக் கேக்கற மாதிரி இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் இல்லைங்கறீங்க."

"நான் பாடவே இல்லடா."

"ஜாஸ்தி பேசாதீங்க. மண்டபத்துக்காரரு அந்தப் பாட்டுக்காகத்தான் மண்டபத்தயே குடுத்தாரு. மத்த பத்தையும் அவரு வூட்டு நாயி கூட உக்காந்து கேக்காது."

குடிகாடு ரசாயனத் தொழிற்பேட்டை வந்தது. அந்த வழியில் போகிற எல்லாரையும் போலச் செல்வனும் கண்ணாடிகளை ஏற்றினான். வெளிச்சத்தம் அறுந்து, ஏசியின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. ஏசிக்குள்ளே எப்படியோ புகுந்துவிட்ட அழுகிய பழ நெடி. அதற்குள்ளே, வாய் திறக்காமல், உதடு அசையாமல், ரோட்டைப் பார்த்தபடி செல்வன் அதே மெட்டை முனகிக்கொண்டிருந்தான். தொழிற்பேட்டைச் சுவர் முடியும்வரை முனகினான். ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை.

"எங்க கேட்ட நீ அத?"

"எத?"

ஆலப்பாக்கத்தில் டீக்கு இறங்கினார்கள். அங்கே அது நடந்தது. பால் கேனோடு நின்ற ஒரு மனிதர் ஆர்லோவைப் பார்த்துத் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். ஆர்லோவை ஒருவர் கடைசியாக அடையாளம் கண்டது ரேஷன் கடையில். அதுவும் அருள்முருகன் என்று.

"அந்தப் பாட்டு பாடுனவரு நீங்கதான?"

எந்தப் பாட்டு என்று ஆர்லோ கேட்கவில்லை.

"எங்கூட்டுக்காரி செத்த அன்னிக்கு செல்லுல அதத்தான் போட்டுவுட்டோம். அவளும் கூடவே பாடுனா."

"சாவறதுக்கு முன்னாடியா?" என்றான் செல்வன்.

அவர் செல்வனைப் பார்க்கவே இல்லை. துண்டைத் தோளில் போடவும் இல்லை. அப்படி ஒரு மரியாதை ஆர்லோவுக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. முதுகுத்தண்டில் ஈரமாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தபோதும், கை தானாக மார்புக்கு உயர்ந்தது. "ரொம்ப நன்றிங்க" என்றார்.

*

பஞ்சநாதம் சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு ரெக்கார்டிங் தியேட்டர் வைத்திருந்தார். தொகுப்பைத் தயாரித்தவர் அவர்தான். அடுத்தவர் சுருதி விலகினால் அன்றைக்கு ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிடுகிற ரகம். அன்று சாப்பிடாத முகமாக இருந்தார்.

"நான் பத்துதான் சார் ஏத்தினேன். காலைல வந்து பாத்தா பதினொண்ணு."

"வைரஸா இருக்குமோ?"

"வைரஸ் இவ்ளோ சுருதியா பாடாது. உங்க வாய்ஸ்தான். ஆனா உங்களுக்கு இப்படி வராது. இங்க பாருங்க."

திரையில் குரல் ஒரு கோடாக ஓடியது. ஆர்லோவின் பழைய பாட்டு ஒன்றைப் பக்கத்தில் திறந்தார். அதில் சொற்களுக்கு நடுவே குட்டிக் குட்டி மேடுகள்.

"இதெல்லாம் நீங்க மூச்சு எடுக்கற இடம். உங்க பாட்டுல பாட்ட விட மூச்சுதான் ஜாஸ்தி, நான் உக்காந்து ஒவ்வொண்ணா அழிப்பேன். இதுல பாருங்க. ஆரம்பத்துலேந்து கடைசி வரைக்கும் ஒண்ணு கூட இல்ல. நான் அழிக்கல. எவனா இருந்தாலும் மூச்சு எடுக்கணும் சார்."

பஞ்சு பதித்த அறை. கதவை மூடியிருந்ததால் தெருவே இல்லாமல் போயிருந்தது. தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது ஆர்லோவுக்குக் கேட்டது. ஒலிபெருக்கியை அணைத்துத்தான் வைத்திருந்தார் பஞ்சநாதம். இருந்தும் திரையில் அந்தக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் வேணாம். இது என்னுது இல்லன்னு உங்க வாயால சொல்லுங்க, இப்பவே எடுத்துடறேன். நாளைக்குப் பத்துப் பாட்டோட போகட்டும். நாலு பேர் கைதட்டுவான், சாப்டுட்டுப் போவான்."

நாலு பேர். ஆர்லோ பால்காரரின் கையிலிருந்த துண்டை நினைத்தார். சிந்துஜா துணியோடு முனகிக்கொண்டே இறங்கியதை நினைத்தார். இருபத்தைந்து வருடத்தில் இந்த ஒன்றைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்றால், மீதியைப் பாடியவன் யார்?

"என்னுதுதான்" என்றார். "சின்ன வயசுல பாடுனது. மறந்துட்டேன்."

பஞ்சநாதம் மவுஸிலிருந்து கையை எடுத்தார். "அப்ப நாளைக்கு மேடைல பாடுவீங்களா?"

"குரல எடுத்துட்டு மைனஸ் ட்ராக் குடுங்க."

"குரல எடுத்தா அதுல ஒண்ணும் இல்ல சார். முழுசா ஓடவிட்டு நீங்க வாயசைக்க வேண்டியதுதான். உங்களுக்கு அது புதுசா என்ன."

புதுசு இல்லைதான். வாயசைப்பில் ஆர்லோவை அடித்துக்கொள்ள ஆளில்லை. கோயில் திருவிழாவோ கல்லூரி ஆண்டு விழாவோ, முழுப் பாட்டையும் ஓடவிட்டு, அணைத்த மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்து, கழுத்து நரம்பைப் புடைக்க வைப்பதுதான் அவர் முறை. பெரும்பாலானோர் கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடித்தவர்கள் நிம்மதியடைந்தார்கள்.

*

ஞாயிறு மாலை மண்டபம் நிறைந்தது. இது முதல் தவறு. ஆர்லோவின் நிகழ்ச்சி எதுவும் நிறைந்ததில்லை. பொன்னாடைகள் வந்தன. ஒருவர் அவரை இமயம் என்றார். அடுத்தவர் அதில் திருப்தியில்லாமல் இமயத்தையும் அவருக்குக் கீழே வைத்தார். கூட்டம் கைதட்டவில்லை. பேச்சு முடியக் காத்திருந்தது. குழந்தைகள்கூட அழாமல், ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து, மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பத்துப் பாடல்களைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நேராக அந்தப் பாட்டு.

மல்லிகையும் வியர்வையும் புதுப் பெயிண்டும் கலந்த மண்டபத்து வெக்கையில், விளக்குகள் கண்ணைக் கூச, அணைத்த மைக்கை உதட்டருகே கொண்டுபோனார். குரல் எழுந்தது. பாட்டின் சொற்கள் அவருக்குத் தெரியாது. எத்தனை முறை கேட்டும் ஒரு வரி நினைவில் தங்கவில்லை. எதையாவது மென்று சமாளிக்கலாம் என்று வந்திருந்தார்.

வாய் சமாளிக்கவில்லை. அதற்குத் தெரிந்திருந்தது.

ஒவ்வொரு சொல்லுக்கும் கொஞ்சம் முன்னாலேயே உதடு குவிந்தது, நாக்கு ஏறியது, தாடை இறங்கியது. குரல் பின்னால் வந்து அந்த இடத்தில் அமர்ந்தது. கூட்டம் முனக ஆரம்பித்தது. வாய் திறக்காமல். மொத்த மண்டபமும். தரை அவர் செருப்பின் வழியே அதிர்ந்தது. முதல் வரிசையில் சிந்துஜா அழுதாள், நல்ல விதமாக. ஒரு கணம், சொல்லவே வெட்கம், ஆர்லோ இன்பத்தில் திளைத்தார்.

பிறகு மூச்சு எடுக்கப் போனார்.

இடம் இல்லை.

ஒரு சொல் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கியிருந்தது. பொறுத்தார். அடுத்த வரியில் எடுக்கலாம். அடுத்த வரியிலும் இல்லை. மூக்கால் இழுத்தார். காற்று உள்ளே வரவில்லை. உள்ளிருந்துதான் ஏதோ வெளியே போய்க்கொண்டிருந்தது, நூல் போல, அறாமல். வாயை மூடப் பார்த்தார். மூடவில்லை. இடது கையால் தாடையை அழுத்தினார். கைக்கு அடியில் தாடை தன் வேலையைச் செய்தது.

மின்சாரம் போனது.

விளக்கு அணைந்தது. மின்விசிறிகள் தளர்ந்து நின்றன. சன்னல்களில் அந்தி வெளிச்சம் மட்டும். ஓரத்தில் பஞ்சநாதம் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய ஒயரும் அவர் கையில் தொங்கியது.

பாட்டு நிற்கவில்லை.

தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். அதிர்வில்லை. கல் போல இருந்தது. குரல் அவருடையதில்லை. வாய் மட்டும் அவருடையது. இது என்னுது இல்ல. சொல்ல வேண்டும். மூன்றே சொல் இருந்தால் போதும். வாய் வேலையாக இருந்தது.

செல்வனைப் பார்த்தார். செல்வன் போனில் படம் பிடித்தான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை. விரல் நுனிகள் நீலம். மைக் கீழே விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. முட்டி மடங்கவில்லை. விழக்கூட விடவில்லை.

கூட்டம் எழுந்தது. வரிசையாக. முனகிக்கொண்டே கீழ்த்தளத்துக்கு இறங்கியது. சிந்துஜா திரும்பிப் பார்த்து, சாப்பிட வரச்சொல்லிச் சைகை செய்துவிட்டுப் போனாள். பஞ்சநாதம் ஒயரைச் சுருட்டினார். அவர் உதடுகள் மூடியிருந்தன. அவரும் முனகினார்.

காலி மண்டபம். காலி நாற்காலிகள். இருட்டு. மேடை நடுவே, பொன்னாடைகளோடு, மூச்சில்லாமல் நின்றுகொண்டிருந்த ஒருவரின் வாய் அகலமாக, அழகாக, அடுத்த சொல்லுக்குத் திறந்துகொண்டிருந்தது. மேலே இரண்டு கண்கள் வாசலையே பார்த்தன.

காது நன்றாகக் கேட்டது. கீழே பந்தியில் சாம்பாருக்கு உப்பு கம்மி என்று பேசிக்கொண்டார்கள்.